எண்பதில் ஓடியது உன் கார்டு

மச்சான்,

போன சனிக்கிழமை மதியம் உன் கணினிக் கார்டிலிருந்து சந்தன வாசனை வந்தது. விசிறி வைக்காமல் கணினியை முடுக்கி அரைமணி நேரம்கூட ஆகவில்லை. குனோங் ராபாட்டில் என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, எங்கிருந்து வருகிறது என்று சாமி மேடையைப் பார்த்தேன். அங்கே ஊதுவத்தி அணைந்து வெகுநேரம் ஆகியிருந்தது. மூக்கைக் கணினிக்குள் கொண்டுபோனேன். அங்கேதான்.

நீ போய் ஒரு வருடமாகிறது. உன் மனைவி அந்தப் பழைய கணினியை என் காரில் ஏற்றிவிட்டபோது, "நீங்களே வச்சிக்குங்கண்ணே. எம்பது போவும், எம்பது போவும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எண்பது போகாது என்று ஊருக்கே சொன்னவன் நான்.

ஆயர் தாவார் எஸ்டேட்டில் பையன்களாக இருந்த காலத்தில் இந்த ரகக் கணினியை நாம் கணக்கெழுதும் கிராணி வீட்டு ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறோம். நாற்பது வயதில் நீ ஒன்றைத் தேடிப் பிடித்தாய். அதற்குள் செருகி வேகத்தைக் கூட்டும் கார்டையும் தேடிப் பிடித்தாய். செய்தவன் அதற்கு வைத்த வேகம் ஐம்பது மெகாஹெர்ட்ஸ். அந்த வேகத்தைத் தீர்மானிக்கும் கிரிஸ்டல் என்ற குட்டி உலோகப் பெட்டியைப் பிடுங்கி, கூடுதல் வேகத்துக்கான இன்னொன்றைச் செருகினால் கார்டு அந்த வேகத்தில் ஓடப் பார்க்கும். தாங்கினால் ஓடும், இல்லையென்றால் படுத்துவிடும். பள்ளி பஸ்ஸை அறுபதுக்கு மேல் ஓட்டாத நீ, இதில் மட்டும் பேய் பிடித்தவன்.

ஆனால் உன் கார்டு அறுபத்தாறிலேயே மக்கர் செய்தது. கண்ணாடிப் பந்து ஒன்றின் படத்தை வரைய விடுவோம். பாதிப் பந்து வந்ததும் திரையில் சிவப்புக் கட்டம் மின்னும், எல்லாம் நின்றுவிடும். விசிறி ஒன்று வைத்தோம், இரண்டு வைத்தோம். கடைசியில் மேசை விசிறியையே திருப்பி வைத்தோம்.

"மச்சான், அந்த அலுமினியத்த ஒரு தடவ கழட்டிப் பாப்போம்லா" என்றாய். சிப்பின் சூட்டை வாங்கி வெளியே விடுவதற்காக அதன் தலையில் ஒட்டிய அலுமினியத் துண்டு அது. ஒட்டியது நான், தொழிற்சாலையில் இதே வேலை பார்ப்பவன்.

"நான் ஒட்டுனதுடா. இருவது வருசமா கீலாங்ல போர்டு செக் பண்றவன். அதுலலாம் தப்பு வராது. ஒன் கார்டு சொத்த, ஒத்துக்க."

"கார்டு நல்ல கார்டு மச்சான்" என்றாய். அவ்வளவுதான். உனக்குச் சண்டை போடவும் தெரியாது. காம்பாரில் நம் பழைய கணினிக் கூட்டாளிகள் கூடும் இடத்தில், "இவன் கார்டு எம்பது போனா நான் மொட்ட போடுறேன்" என்று எல்லார் முன்னாலும் நக்கலடித்தேன். நீ சிரித்துக்கொண்டே வயரைச் சுற்றி எடுத்து வைத்தாய். அதற்குப் பிறகு அந்தக் கார்டைக் கூட்டத்துக்குக் கொண்டுவரவே இல்லை. மூன்றே மாதத்தில் உனக்கு நெஞ்சு வலி வந்தது, போய்விட்டாய்.

போன சனிக்கிழமை அந்த வாசனை வந்ததும் ஹேர் டிரையரால் சூடு காட்டி, தூண்டில் நரம்பை நடுவே விட்டு, ஒரு மணி நேரம் அறுத்து அலுமினியத்தைக் கழற்றினேன். கீழே, சிப்பின் நெற்றியில், காய்ந்து பொறுக்கு தட்டிய சந்தனம். நடுவில் குங்குமம்.

சரஸ்வதி பூஜை, மச்சான்! பஸ் டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்த கையோடு என் வீட்டுக்கு வந்து, இந்தக் கார்டையும் சாமி மேடையில் வைத்தாய். ஸ்க்ரூ டிரைவருக்கும் மீட்டருக்கும் பொட்டு வைத்த நான், உன் சிப்புக்கும் தாராளமாக வைத்தேன். மறுநாள் ஒட்டும்போது சாமிக்கு வைத்ததை அழிக்க மனசு வரவில்லை. அதன் மேலேயே பசையைத் தடவி ஒட்டிவிட்டு, மறந்தும் போனேன். தொழிற்சாலையில் எவனாவது இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே அவன் தோலை உரித்திருப்பேன். சூடு போக வழியில்லாமல் அந்தச் சிப் வெந்துகொண்டிருந்தது. நான் உன்னைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோசமாக இருந்தது, ஏனென்றால் நீ சொன்னது சரி.

கன்னத்தில் போட்டுக்கொண்டு சந்தனத்தைச் சுரண்டினேன். ஸ்பிரிட்டால் துடைத்தேன், புதுப் பசை போட்டேன். எண்பது கிரிஸ்டலைச் செருகினேன். வீட்டில் ஓட்டிப் பார்க்கவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நேராகக் காம்பாருக்கே கொண்டுபோனேன். எங்கே சிரித்தேனோ அங்கேதான் பார்க்க வேண்டும் என்று பட்டது.

பந்து பாதிக்கு வந்தது. சிவப்புக் கட்டம் மின்னவில்லை. முக்கால் வந்தது. அலுமினியத்தைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. கடைசிக் கோடும் வரைந்து முழுப் பந்தும் திரையில் நின்றபோது, கூட்டாளி ஆ கியோங் மேசையைத் தட்டி "போலே லா! போலே!" என்று, முடிகிறதே என்று மலாயில் கத்தினான். இன்னொரு தடவை ஓட்டினோம். மூன்றாம் தடவையும் ஓடியது.

எழுந்து நின்று சொன்னேன்: "கார்டு அவனோடது. எம்பதுன்னு சொன்னதும் அவன்தான். கெடுத்தது நான்." பொட்டுக் கதையைச் சொன்னதும் கூட்டமே உருண்டு சிரித்தது. மொட்டையும் போட்டாயிற்று, கல்லுமலைக் கோயிலில்.

உன் மனைவிக்கு வீடியோவில் அழைத்துத் திரையைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். "கெலிச்சிட்டாருல்ல? அப்பறம் நீங்க ஏண்ணே அழுவுறீங்க?" என்றாள். அவளும்தான் அழுதாள்.

இப்போது தொழிற்சாலையில் ஒரு போர்டைக் குப்பைக்குத் தள்ளுமுன், நான் தொட்ட இடத்தை முதலில் பிரித்துப் பார்க்கிறேன். நேற்று அப்படித்தான் ஒன்று பிழைத்தது. கோளாறு என் மீட்டர் வயரில். எல்லாருக்கும் கேட்கும்படி, "தப்பு என்னோடது" என்றேன், மச்சான். உன்னிடம் ஒருதரம்கூடச் சொல்லாததை.