சக்கரத்தை முடுக்கிக் கொடுத்தவள்

நிலவில், கிழக்குக் குடியிருப்பு
மாணவர் ரோபோ போட்டி, அணி 3118-இன் குறிப்பேடு

நாள் 1. காலை 9.10
அணியில் இருப்பவர்: சூசையம்மாள். குடியிருப்புக்கு வெளியே போகிறவர்கள் போடும் வெளியுடையைத் துவைக்கும் கூடத்தில் வேலை. ஐந்தாவது வரை படிப்பு. ரோபோவைச் செய்தவள் என் மகள் ஜெனோவா. காற்றறைக் கதவு விட்டுப்போய், காற்றெல்லாம் வெளியேறி அவள் இறந்து நாற்பத்தொரு நாள். பிள்ளை இறந்தால் பெற்றவர் அணியில் நிற்கலாம் என்று விதியைப் படித்துச் சொன்னது பக்கத்து மேசை ரெக்ஸிலின், அணி 3120.

செய்த வேலை: தூசி துடைத்தேன். பேட்டரி ஏற்றினேன். இடது சக்கரம் ஆடியது. ரெக்ஸிலின் வந்து முடுக்கிக் கொடுத்தாள். "அத்தை, துணி பிழியற மாதிரி பிழிஞ்சா மரை போயிரும்" என்று சிரித்தாள். தங்கமான பிள்ளை.

மாலை 4.00
விளையாடினோம். தோற்றோம். தோற்றால் பரவாயில்லை. அணியை நீக்கினால்தான் ரோபோவின் மூளைப்பலகையைத் திருப்பித் தர வேண்டும். அது போட்டிக்காரர்களுடையது. அழித்துவிட்டு வேறு பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். அதில் ஜெனோவாவின் குரல் இருக்கிறது. கிளப்பினால் "அம்மா, காலை எடு" என்கிறது. வேறெங்கும் அவள் குரல் இல்லை.

நாள் 2. காலை 8.00
எல்லாருக்கும் வந்த அறிவிப்பு:
"சென்ற ஆண்டு 400 அணிகள். இவ்வாண்டு 9,000. நடுவர்கள் போதவில்லை. இனி அணிகளே அணிகளைக் கண்காணிக்கும். தினம் ஒரு விதிமீறலைக் குறிப்பேட்டில் எழுதும் அணி தொடரும். எழுதாத அணி நீக்கப்படும்."

பின்னாலேயே எனக்கு மட்டும் ஒன்று:
"3118: உங்கள் நேற்றைய குறிப்பு ஏற்கப்பட்டது. பிற அணியின் ரோபோவைத் தொட்ட 3120 நீக்கம். நீங்கள் தொடரலாம். நன்றி."

நான் யாரையும் மாட்டிவிட எழுதவில்லை. உதவி செய்தாளே என்று எழுதினேன்.

8.25
ரெக்ஸிலின் அழைப்பு:
"அத்தை, நான் தொடலைன்னு ஒரு வரி எழுதிருங்க. மூணு வருசமா செஞ்சது. எங்க அணிப் பிள்ளைங்க நாலும் அழுதுட்டு நிக்காளுவ."

நடுவரிடம் கேட்டேன். அங்கே இருப்பது மனுசன் இல்லை, இயந்திரம்.
"குறிப்பைத் திரும்பப் பெற்றால் 3118 நீக்கப்படும். பலகையை உடனே ஒப்படைக்க வேண்டும்."

8.50
ரெக்ஸிலின் மறுபடியும்:
"ஜெனோவா இருந்தா உங்கள இப்படிச் செய்ய விடுவாளா? சொல்லுங்க அத்தை."

இணைப்பைத் துண்டித்துவிட்டேன்.
அவள் தொட்டாள். கண்ணால் பார்த்தேன். நான் எழுதியது பொய் இல்லை.

நாள் 3. காலை 10.00
பக்கத்து மேசையை எடுத்துவிட்டார்கள். அவர்களுடைய பலகையை ஒரு ஆள் வடை தின்றுகொண்டே அழித்தான். அதற்கு ஒரு நிமிசம்கூட ஆகவில்லை.

மாலை 3.00
"3118: இன்றைய விதிமீறல் வரவில்லை. ஐந்து மணி வரை நேரம்."

3.40
சுற்றி வந்தேன். எல்லாரும் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். யாரும் யாருக்கும் கை நீட்டவில்லை.

4.35
எதிர் வரிசையில் ஒருத்தி, எட்டு வயது இருக்கும். கை சின்னது, வயர் எட்டவில்லை. அவளுடைய அப்பா பிடித்துச் சொருகினார். அணியில் இல்லாத பெரியவர்கள் தொடக்கூடாது. பக்கத்தில் போனேன். அவர் ஸ்டூலை எடுத்துப் போட்டார். "உக்காருங்கம்மா. உங்க பொண்ணு விசயம் கேள்விப்பட்டோம். தண்ணி குடிக்கிறீங்களா?"

குடித்தேன். அவர் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

இன்றைய விதிமீறல்: அணி எண் 5506.