பின்வரிசை மூட்டைகள்

கோயம்புத்தூர்
12.02.2023

அன்புள்ள சரசு,

நான்கு நாளாக உன்னைப் போனில் கூப்பிட்டுப் பார்த்தேன். கடைசியில் உன் அம்மாதான் எடுத்தார்கள். "பரீட்சை முடியற வரைக்கும் போனைத் தொடமாட்டேன்னு எங்கிட்டக் குடுத்துருச்சு கண்ணு. பேசறதுன்னா லெட்டர் போடு" என்றார்கள். போட்டாயிற்று. பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

வேலையில் சேர்ந்து பத்து நாள் ஆகிறது. நாற்பது பேர் இருக்கும் தணிக்கை நிறுவனம். விசிட்டிங் கார்டில் பெயருக்கு முன்னால் 'சி.ஏ.' என்று போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். சேலத்தில் ஒரே ஆடிட்டரிடம் மூன்று வருடம் பயிற்சி, ஒரே அறையில் படிப்பு, ஆனால் நான் மட்டும் தேறினேன். அந்தக் கார்டை எடுக்கும்போதெல்லாம் உன் நினைவு வருகிறது.

என் தணிக்கை நோட்டை இத்துடன் அனுப்புகிறேன். ஒவ்வொன்றையும் புரிந்துகொள்கிறேன் என்று உட்காராதே. வரிக்கு வரி உருப்போடு. திருத்துகிறவருக்கு வேண்டியது புத்தகத்து வார்த்தைதான். நான் அப்படித்தான் தேறினேன். புரிந்துகொள்ள வாழ்நாள் முழுக்க இருக்கிறது.

உன்,
கவி


கொட்டச்சேடு
21.02.2023

அன்புக் கவிக்கு,

நோட்டு வந்தது. அட்டையெல்லாம் போட்டு எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறாய்.

சொன்னபடி உருப்போட உட்கார்ந்தேன். 'சரக்கிருப்பு கணிசமாக இருந்தால் அதை எண்ணும்போது தணிக்கையாளர் நேரில் இருக்க வேண்டும்' என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். எண்ணிக்கையை ஆலைக்காரர்களே எழுதித் தருகிறார்களே, நாம் எதற்குப் போக வேண்டும்? இரண்டு நாள் அதே யோசனை. பிறகு அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனேன். அவர் போன வருடத்திலிருந்து காப்பி ஆலைக் குடோனில் காவல் வேலை பார்ப்பது உனக்குத் தெரியும். அங்கே ஒவ்வொரு மூட்டையிலும் 'காப்பி, 50 கிலோ' என்று சீட்டுக் கட்டியிருந்தது. சீட்டைப் படிக்க ஆள் போகத் தேவையில்லை. உள்ளே இருப்பது சீட்டில் உள்ளதுதானா என்று பார்க்கத்தான் போகிறார்கள். அங்கே நின்றபோது அது விளங்கியது. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தை எனக்குப் படிக்கவே தேவைப்படவில்லை.

ஒரு பக்கத்துக்கு மூன்று நாள். உனக்குச் சிரிப்பு வரும்.

இங்கே பனி இன்னும் விடவில்லை. ஏற்காட்டில் உன் அப்பாவின் கடைக்குப் போயிருந்தேன். மகளைப் பற்றிச் சொல்லாமல் ஒருவருக்கும் சாமான் கட்டித் தருவதில்லை.

உன் பிரியமுள்ள,
சரசு


கோயம்புத்தூர்
05.04.2023

அன்புள்ள சரசு,

திட்டாதே. வருடக் கடைசி இருப்பு எண்ணுவதற்காக மார்ச் 31 அன்று ஏற்காட்டுக்கு வந்தேன், அதுவும் உன் அப்பா வேலை பார்க்கும் அதே ஆலைக்கு. ஜீப்பில் அழைத்துப்போய் அதே ஜீப்பில் இறக்கிவிட்டார்கள். கொட்டச்சேட்டுக்கு வர நேரமில்லை.

நான் தனியாகச் செய்த முதல் வேலை இது. மேனேஜர் ஜெப்சன் நல்ல மரியாதை கொடுத்தார். நெடுக்கில் எத்தனை, குறுக்கில் எத்தனை, உயரம் எத்தனை என்று பெருக்கினேன். 612 மூட்டை. அவர்கள் தாளிலும் 612. ஒன்றுகூடப் பிசகவில்லை. முன்னாலிருந்து இரண்டு மூட்டையை அவரே இழுத்துப் பிரித்துக் காட்டினார். உன் அப்பா மட்டும் என் பின்னாலேயே வந்து, "பொறகால அடுக்கியிருக்கறதையும் பாத்தரலாம் கண்ணு, ஏணி கொண்டாரட்டுமா?" என்று இரண்டு முறை கேட்டார். "வேண்டாங்கப்பா, கணக்கு சரியா வந்துருச்சு" என்றேன். மகள் மாதிரியே அப்பாவும்.

மறுநாள் ஆபீசில் சீனியர் இருப்பு பற்றிய தணிக்கைத் தரநிலையைக் கேட்டார். நின்ற இடத்தில் முழுவதையும் ஒப்பித்தேன். அசந்துபோனார்.

நீயும் கேள்வியை விட்டுவிட்டு உருப்போடு. இன்னும் ஒரு மாதம்தான்.

உன்,
கவி


கொட்டச்சேடு
06.07.2023

அன்புள்ள கவி,

பார்த்திருப்பாய். தணிக்கையில் 36. நாற்பது வேண்டும்.

அந்த இருப்புக் கேள்வியேதான் வந்தது. குடோன், சீட்டு, மூட்டை என்று எனக்கு விளங்கியதை இரண்டரைப் பக்கம் எழுதினேன். பிற கேள்விகளுக்கு நேரம் போதவில்லை. விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தால் தெரியும், ஆனால் பார்க்கப்போவதில்லை.

நீ சொன்னதுதான் சரி. மூன்றாவது முறையும் தோற்றவளுக்கு வாதாட என்ன இருக்கிறது. இன்றிலிருந்து உன் நோட்டை முதல் பக்கத்திலிருந்து உருப்போடுகிறேன். அப்பா, "உடு சாமி, நவம்பர்ல பாத்துக்கலாம்" என்றார். அவர் அப்படிச் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது.

உன்,
சரசு


கொட்டச்சேடு
01.10.2023

கவிப்பிரியாவுக்கு,

அப்பாவைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்ப் பதினோரு நாள் ஆகிறது.

அந்தக் காப்பியின் பேரில் ஆலைக்குக் கடன் கொடுத்த வங்கிக்காரர்கள் வந்து குடோனைத் திறந்து, மூட்டைகளை எல்லாம் இறக்கிப் பிரித்தார்கள். முன்வரிசை இரண்டில் காப்பி. பின்னால் இருந்த நானூற்றுச் சொச்சம் மூட்டையிலும் வெறும் உமி. மார்ச் 31 அன்று 612 மூட்டையும் நல்ல காப்பி என்று தணிக்கைத் தாள் இருக்கிறது, அதற்குப் பிறகு மாற்றியது காவல்காரன்தான் என்று ஜெப்சன் புகார் கொடுத்துவிட்டார். சாவி அப்பாவிடம் இருந்தது. தாளில் இருப்பது உன் கையெழுத்து.

சிறையில் அப்பாவைப் பார்த்தேன். "மூட்டையெல்லாம் லேசா இருக்குதேன்னு எனக்கே ஒரு சந்தேகம். முதலாளிகிட்டச் சோறு திங்கறவன், வாயைத் தொறந்து சொல்ல முடியல. அதான் அந்தப் புள்ளகிட்ட ஏணி கொண்டாரட்டுமான்னு கேட்டேன்" என்றார். உன்மேல் ஒரு கோபமும் இல்லை அவருக்கு.

நீ ஏப்ரலில் எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. ஏணி வேண்டாம் என்று சொன்னதை நீயே அதில் எழுதியிருக்கிறாய். வக்கீல் கேட்கிறார். இன்னும் கொடுக்கவில்லை. நீயே வந்து சொல்வாய் என்று இருக்கிறேன்.

சரஸ்வதி


கோயம்புத்தூர்
14.10.2023

அன்புள்ள சரசு,

உன் கடிதம் பார்த்து அதிர்ந்துபோனேன். அப்பாவுக்கு இப்படி நேர்ந்தது மிகுந்த வருத்தம் தருகிறது.

ஆனால் ஒன்றை நீ யோசிக்க வேண்டும். தணிக்கையாளர் தருவது நியாயமான உறுதி மட்டுமே, முழுமையான உறுதி அல்ல. மோசடியைத் தடுக்கும் முதன்மைப் பொறுப்பு நிர்வாகத்தையே சாரும். தணிக்கை என்பது மாதிரிச் சோதனையின் அடிப்படையில் செய்யப்படுவது. இந்த விஷயத்தில் யாரிடமும் எதுவும் பேச வேண்டாம் என்று எங்கள் ஆபீசிலும் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கடிதம் நமக்குள் எழுதிக்கொண்டது என்பதை மறக்கமாட்டாய் என்று நம்புகிறேன்.

கவிப்பிரியா


கொட்டச்சேடு
18.10.2023

கவிப்பிரியாவுக்கு,

நீ அனுப்பியது உன் நோட்டில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். எனக்கு இப்போது அது மனப்பாடம். உன்னிடமிருந்து கடிதம் இன்னும் வரவில்லை.

சரஸ்வதி


ஏற்காடு
04.11.2023

சரசு,

அப்பா கடையின் பின்னறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நேற்றுக் காலை இன்ஸ்பெக்டரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். பின்வரிசை மூட்டை ஒன்றைக்கூட நான் தொடவில்லை என்றும், உன் அப்பா ஏணி கொண்டுவருவதாகச் சொல்லியும் நான்தான் மறுத்தேன் என்றும். இன்னொன்று உனக்குத் தெரியாது. 'மாதிரிக்குப் பத்து மூட்டை பிரித்துப் பார்க்கப்பட்டது' என்று என் தாளில் ஒரு வரி இருக்கிறது. போன வருடத் தாளில் அப்படி இருந்தது. அப்படியே பார்த்து எழுதினேன். பொய் எழுதுகிறோம் என்று அப்போது தோன்றவேயில்லை சரசு. அங்கே எழுத வேண்டிய வாக்கியம் அதுதான் என்று தோன்றியது, அவ்வளவுதான். அதையும் சொன்னேன். "படிச்ச புள்ளதானே நீங்க?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

வேலை போய்விட்டது. பட்டம் கொடுத்த இன்ஸ்டிட்யூட்டுக்கு நானே எழுதிவிட்டேன். விசாரணைக்குக் கூப்பிடுவார்கள், பட்டம் நிற்குமா என்று தெரியாது. ஏப்ரல் கடிதத்தையும் வக்கீலிடம் கொடுத்துவிடு.

கொட்டச்சேடு பஸ் பஜாரில் நின்றுகொண்டிருந்தது. ஏறினேன். உன் அம்மாவின் முகம் நினைவுக்கு வந்ததும் இறங்கிவிட்டேன்.

என்னை மன்னிப்பாயா?

கவி


கொட்டச்சேடு
11.01.2024

கவி,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத இரண்டு மாதம் ஆகிவிட்டது.

நவம்பர் கடைசியில் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். வழக்கிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். இப்போது ஜெப்சன் உள்ளே இருக்கிறார். அப்பா மெலிந்துவிட்டார். ஆலைப் பக்கம் போவதில்லை, எங்கள் தோட்டத்தில் காப்பிச் செர்ரிப் பழம் பறிக்கிறார். யாராவது வாசலில் கூப்பிட்டால் உடனே எழுந்து நிற்கிறார். அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

நேற்று முன்தினம் ரிசல்ட் வந்தது. தேறிவிட்டேன். தணிக்கையில் 58.

அதைப் பற்றி உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும். தேர்வன்று அப்பா சிறையில்தான் இருந்தார். அதே இருப்புக் கேள்வி திரும்பவும் வந்திருந்தது. உன் நோட்டில் உள்ளதை ஒரு சொல் விடாமல் எட்டு நிமிடத்தில் எழுதினேன். கை தானாக ஓடியது. அடுத்த கேள்விக்குப் போய்ப் பாதி எழுதிய பிறகுதான், சற்று முன் நான் எழுதியது என்னவென்று உறைத்தது. அப்பாவைச் சிறையில் வைத்த விஷயம் அது. எழுதிய எட்டு நிமிடமும் அவர் முகம் எனக்கு வரவில்லை. அந்தக் குடோனில் நீ எப்படி நின்றிருப்பாய் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ரிசல்ட்டைக் கேட்டுவிட்டு அப்பா, "அந்தப் புள்ளைக்கும் சொல்லி அனுப்பு. நொம்பச் சந்தோசப்படும்" என்றார். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மன்னிப்பாயா என்று கேட்டிருந்தாய். எழுதிவிடலாம். அதற்கென்று நல்ல வாசகங்கள் எத்தனையோ இருக்கின்றன, ஒவ்வொரு தடவை உட்காரும்போதும் அவைதான் முதலில் வருகின்றன. இரண்டு மாதமாக எழுதி எழுதிக் கிழித்தேன். பார்த்து எழுதின பதிலை உனக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நொம்ப நாள் ஆகலாம். விளங்கும்போது எழுதுகிறேன்.

இங்கே குளிர் அதிகம். உன் அப்பா கடையில் தனியாக மூட்டை தூக்குகிறார், கூட இருந்து பார்த்துக்கொள்.

சரசு