பட்டுப்புடவையும் ஷூவும்

அக்கா,

இன்று காலை வெல்க்ரோ பட்டையைப் பிரித்ததும் சர்ரென்று ஒரு சத்தம் வந்தது. உடனே உங்கள் ஞாபகம். சிட்லபாக்கத்தில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான். நீங்கள் காலில் பிரேஸ் மாட்டுகிற சத்தம் என் சமையலறை வரை கேட்கும். ‘அக்கா ஸ்கூலுக்குக் கிளம்பிட்டாங்க’ என்று குக்கரை இறக்குவேன். இப்போது அதே சத்தம் என் கட்டிலில் கேட்கிறது.

ஆமாம் அக்கா, எனக்கும் வந்துவிட்டது. முதுகில் நரம்பு அழுந்தி, வலது பாதம் தொங்கிப்போய்விட்டது. தூக்க நினைத்தாலும் தூக்காது, கட்டைவிரல் போய்த் தரையில் இடிக்கும். உங்களுக்கு இடது, எனக்கு வலது. சேர்த்து வைத்தால் ஒரு ஜோடி.

குரோம்பேட்டையில் பிரேஸ் செய்து தருகிறவர் மேஜைமேல் விதவிதமாக எடுத்து வைத்தார். ஷூ லேஸில் மாட்டிப் பாதத்தைத் தூக்கிப் பிடிக்கிற எலாஸ்டிக் பட்டை. வளைந்துகொடுக்கும் மெல்லிய பிளாஸ்டிக். கணுக்காலில் கீல் வைத்தது ஒன்று, அசையவே விடாத கெட்டியானது ஒன்று. “உங்க கணுக்கால் பக்கவாட்டுல மடங்கலைம்மா, மெல்லிசே போதும்” என்றார். நான் கேட்டது ஒரே கேள்விதான். “புடவைக்கு வெளியில தெரியுமா?”

“பிரேஸ் தெரியாதும்மா. ஷூ தெரியும். வீட்டுக்குள்ளயும் ஷூவோடதான் போடணும், இல்லேன்னா டைல்ஸ்ல வழுக்கிடும்.”

வீட்டுக்குள் ஷூவா? எனக்கு அழுகையே வந்துவிட்டது. பூஜையறை இருக்கிற வீட்டில், பட்டுப்புடவைக்குக் கீழே, ஓட்டப்பந்தயத்துக்குப் போகிறவள் மாதிரி!

நீங்கள் எப்படித்தான் சமாளித்தீர்களோ. செம்பாக்கத்தில் அந்தக் கொலு நினைவிருக்கிறதா? வாசலில் உட்கார்ந்து, தெருவில் போட்டுவந்த ஷூவைக் கழற்றி, பையிலிருந்து வேறு ஜோடியை எடுத்து மாட்டினீர்கள். அந்த வீட்டு அம்மாள் முகம் சுருங்குவதற்குள் ஷூவின் அடிப்பக்கத்தைத் தூக்கிக் காட்டினீர்கள். “நல்லாப் பாரும்மா, இது ரோட்டைப் பார்த்ததே இல்லை. வீட்டுக்குள்ள போடறதுக்குன்னே வச்சிருக்கேன். எங்கே, சுண்டல் ரெடியா?” கூடமே சிரித்தது. எனக்குத்தான் உடம்பு கூசியது.

சாயங்காலம் பிரேஸைக் கழற்றிவிட்டு, கைக்கண்ணாடியைப் பாதத்துக்கு அடியில் பிடித்து எங்கேயாவது சிவந்திருக்கிறதா என்று பார்ப்பீர்கள். “மூஞ்சியைக்கூட இவ்வளவு ஆசையாப் பார்த்தது இல்லைடி” என்பீர்கள். எனக்குச் சர்க்கரையும் இருப்பதால் இப்போது நானும் பார்க்கிறேன். கதவைத் தாழ் போட்டுக்கொண்டு.

போன வாரம் என் மகனின் புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். பால் காய்ச்ச நான்தான் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும் என்று மருமகள் பிடிவாதமாக இருந்தாள். போகாமலே இருந்துவிடலாமா என்று யோசித்தவள்தான் நான். சம்பந்தி வீட்டார் யாருக்கும் என் காலைப் பற்றித் தெரியாது. ‘முட்டி வலி’ என்று சொல்லி ஒப்பேற்றி வைத்திருந்தேன்.

“அத்தை, ஷூவோடயே வாங்க. நான் துடைச்சு வச்சுட்டேன்” என்று மருமகள் காதருகே சொன்னாள். நான் கேட்கவில்லை. எல்லாரும் வெறுங்காலோடு நிற்கிறார்கள், நான் மட்டும் எப்படி? வாசலிலேயே பட்டையைப் பிரித்து ஷூவைக் கழற்றினேன். பிரேஸும் அதோடு கழன்று வந்துவிட்டது. “வலது காலை எடுத்து வச்சு வாங்க” என்றார் சாஸ்திரிகள். வலது காலை! என்னிடம் இல்லாததைத்தான் கேட்டார். எடுத்து வைத்தேன். கட்டைவிரல் நிலைப்படியில் இடித்தது. தட்டோடு பழம், பூ, மஞ்சள் எல்லாம் சிதற, மாக்கோலத்தின்மேல் குப்புற விழுந்தேன்.

அடி பலமில்லை அக்கா. மானம்தான் போயிற்று. ஒளித்துவைக்கப் பார்த்ததை ஊர் கூடிப் பார்த்தது. “முதல் அடியே இப்படியா” என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள். மகன் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தான். மருமகள் பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து, அத்தனை பேர் பார்க்க என் காலுக்கு சாக்ஸ், பிரேஸ், ஷூ எல்லாம் மாட்டினாள். பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

அப்போதுதான், கொலுவிலிருந்து ஆட்டோவில் திரும்பும்போது நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்தது. “உங்களுக்குக் கூச்சமே இல்லைக்கா” என்றேன். நீங்கள் என் பக்கம் திரும்பாமலே சொன்னீர்கள். “யாருடி சொன்னா? கொல்லுது. அவங்க வாயைத் திறக்கறதுக்குள்ள நான் பேசிடறேன், அவ்வளவுதான்.”

சம்பந்தியம்மாள் என் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏதோ கேட்க வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன். உங்களைப் போல வேடிக்கையாகப் பேச வரவில்லை. குரல் கிறீச்சிட்டது. “எனக்குப் பாதம் தூக்காதும்மா. முட்டி வலின்னு சொன்னது பொய். இது இல்லாம என்னால நடக்க முடியாது. ஷூவோடதான் உள்ளே வருவேன்.”

அவர் வழிவிட்டு நகர்ந்தார். அடுப்பைப் பற்ற வைத்தேன். பால் பொங்கியபோது எல்லாரும் பானையைப் பார்த்தார்கள், நான் என் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னமும் கூச்சம்தான் அக்கா. வாசலில் கழற்றிவைக்க அதற்குப் பட்டையும் இல்லை, லேஸும் இல்லை. அதையும் கூட்டிக்கொண்டுதான் உள்ளே போகிறேன்.