படிக்கட்டில் பதிவான குரல்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. போனில் பேசினால் நைசாகப் பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் உன் படப்பிடிப்புக்கு வரும் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அங்கே குளிர் கடுமையாமே. கேமராவைப் போர்த்தி மூடுகிறவன், உன் காதையும் கொஞ்சம் மூடிக்கொள்.

நீ ஒளிப்பதிவு செய்த திகில் படத்தைத்தான் பத்து நாளாக வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். வஞ்சனையில்லாமல் சொல்கிறேன், பிரமாதம். நாயகியின் பாதி முகத்துக்கு மட்டும் வெளிச்சம் விட்டாயே, மறுபாதியில் என்ன இருக்கிறதோ என்று நானே திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தேன். கதவின் கைப்பிடி மெல்ல அசையும்போதே காட்சியை வெட்டி அவள் கண்ணைக் காட்டினேன். டைரக்டர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

அப்புறம் அந்தப் படிக்கட்டுக் காட்சி. விளக்கு அணைகிறது, அலறுகிறாள், விழுகிறாள். அது நடிப்பில்லை. இடுப்பு எலும்பு முறிந்து இன்னும் படுத்திருக்கிறாள். விளக்கு அணையும் என்று முன்கூட்டியே சொல்லியும் அவள் கவனிக்கவில்லை என்றாய். எல்லோரும் நம்பினோம்.

என் பழக்கம் உனக்குத் தெரியும். கிளாப் அடிப்பதற்கு முன் பதிவானதையும் ஒன்றுவிடாமல் கேட்பேன். படிக்கட்டுக் கம்பியில் ஒட்டியிருந்த மைக் அப்போதே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அதில் நீ லைட்மேனிடம், “அஞ்சாவது படிக்கு வந்ததும் அணைச்சிடு. அவங்ககிட்ட சொல்லாத, அப்பதான் நிஜமான பயம் வரும்” என்கிறாய். நான்கு முறை கேட்டேன். உன் குரல்தான்.

போன வாரம் அவளைப் போய்ப் பார்த்தேன். “சொல்லியிருப்பாங்கக்கா. நான்தான் வசனத்தையே நினைச்சுக்கிட்டு காதுல வாங்கல போல” என்று என்னிடமே மன்னிப்புக் கேட்கிறாள். எனக்குத் தலை நிமிரவில்லை. நம் தயாரிப்பாளரின் அடுத்த படத்தில் அவளுக்குப் பதில் வேறு ஆள் தேடுகிறார்கள். எலும்பு கூடும்வரை காத்திருக்கத் தயாராக இருந்தவர்கள்தான். சொன்ன பேச்சைக் கேட்காதவள் என்ற பெயர் பரவியதும் பின்வாங்குகிறார்கள். சனிக்கிழமை முடிவு செய்துவிடுவார்கள்.

உன்மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம். அவள் விழுந்த அந்த டேக்கையே படத்திலிருந்து தூக்கிவிட்டேன். ஒத்திகைத் துண்டுகளை வைத்துக் கோத்தேன்: வெறும் படிகள், கம்பியைத் தடவும் விரல்கள், அணையும் விளக்கு, பிறகு மூன்று நொடி கும்மிருட்டில் அவள் மூச்சு மட்டும். விழுவதைக் காட்டவே இல்லை. டைரக்டர் பார்த்துவிட்டு, “இதுதான்மா பயமா இருக்கு” என்றார். அவள் விழுந்திருக்கவே வேண்டாம், தம்பி.

நேற்று அந்த ஒலியை அழித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். உன் பிழைப்பு போய்விடுமே என்று மனசு அடித்துக்கொண்டது. அழுதேன், ஆனால் அழிக்க மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை அதைத் தயாரிப்பாளர் கையில் கொடுக்கப் போகிறேன். அதற்குள் அவளுக்கும் அவருக்கும் நீயே போன் போட்டு உள்ளதைச் சொல்லிவிடு. திட்டுவார்கள், வாங்கிக்கொள். வேலை போனால் என் வீட்டுக்கு வா, ஒரு வாய்ச் சோற்றுக்குக் குறையிருக்காது.

நீ நன்றாக இருக்க வேண்டும். நான் வேண்டாத நாளில்லை. கூடப்பிறந்தவனைக் காட்டிக்கொடுத்தவளாக என்னை ஆக்கிவிடாதே, ராஜா. எனக்கு முன்னால் நீ சொல்லிவிடு.

உனக்காகவே காத்திருக்கும்
அக்கா