ஜாஸ்மின் கேட்காத பாட்டுகள்

செஞ்சி,
11.01.2026

அன்புள்ள ஜாஸ்மினுக்கு,

ஜெயஸ்ரீ எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், நீ சுகமா? உனக்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் சிஸ்டருக்கும் என் வணக்கம். சிஸ்டர், இதில் தப்பாக ஒன்றும் இல்லை, பாட்டுதான் இருக்கிறது.

மோரே வந்துவிட்டது. போன மே மாதம் மடத்தில் உன் போனை வாங்கி வைத்துக்கொண்டார்களே, அதற்கு முந்தின நாள் வரைக்கும் இரண்டு பேரும் அதைப் பற்றித்தானே பேசினோம். கொரியாவில் ஐந்து பெண்களைச் சேர்த்து மோரே என்று ஒரு புதுக் குழு. முதல் ஆல்பம் வெள்ளிக்கிழமை வெளியானது. உனக்கோ போன் கிடையாது, ஒன்றும் கிடையாது. அதனால் நான் கேட்டு எழுதுகிறேன். நீ படித்துக் கேட்டுக்கொள்.

முதல் பாட்டு. தொடக்கத்தில் டிரம்ஸ் இல்லை. ஒரு பெண் மூச்சை இழுக்கிற சத்தம், அப்புறம் விரல் சொடுக்கு. நாலு சொடுக்குக்கு ஒரு தரம் அடியில் பேஸ் விழுகிறது, மாடியில் யாரோ அரிசி மூட்டையை இறக்கின மாதிரி. கோரஸ் வந்தால் எல்லாரும் சத்தத்தை ஏற்றுவார்கள் இல்லையா? இவர்கள் இறக்குகிறார்கள். இசை மொத்தமும் நின்று குரல் மட்டும் போகிறது. முதல் தரம் போன் ஹேங் ஆகிவிட்டது என்று நினைத்துத் தட்டினேன்.

ஒரே குறை, அந்தக் கடைசிப் பெண். கட்டையாக முடி வெட்டியவள். வீடியோவில் நிற்கிறாள், ஆடுகிறாள், பாடுவதே இல்லை. இவளை எதற்குச் சேர்த்தார்களோ.

நான் இன்னும் பஜாரில் அதே இ-சேவை மையத்தில்தான். ஆதார் திருத்தம், வருமானச் சான்று, நடுவில் கரண்ட் போகும். சென்னைக் கம்பெனி கூப்பிட்டதும் கிளம்ப வேண்டியது. அம்பத்தூரில் பார்த்து வைத்திருக்கும் ரூமில் இரண்டு கட்டில். மே மாதம் நீ வார்த்தைப்பாடு கொடுத்தால் சிஸ்டர் ஆகிவிடுவாய். கொடுக்காமல் வந்துவிட்டால் இரண்டாவது கட்டில் உனக்கு. நம் திட்டத்தை நான் கைவிடவில்லை. இந்த வரியையும் சிஸ்டர் படிக்கட்டும்.

உன்,
ஜெயஸ்ரீ


திண்டுக்கல்,
25.01.2026

அன்புத் தோழி ஜெயஸ்ரீக்கு,

இயேசுவுக்கே புகழ். கடிதம் கிடைத்தது. எங்களுக்குப் பொறுப்பான வெரோனிகா சிஸ்டர் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டேதான் கொடுத்தார்கள். "உங்க ஊர்ல எல்லாருமே இப்படித்தான் வம்புக்கு நிப்பாங்களா?" என்று கேட்டார்கள். நீ மட்டும்தான் என்று சொல்லியிருக்கிறேன்.

பாத்திரம் கழுவும்போது அந்தச் சொடுக்கைப் போட்டுப் பார்த்தேன். நாலாவது சொடுக்குக்குக் குண்டானைத் தரையில் வைத்தேன். சரியாக வந்தது என்றுதான் நினைக்கிறேன். கூட இருக்கிற பெண்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

அந்தக் கடைசிப் பெண் விஷயம் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. காலேஜ் பஸ்ஸில் மூன்று வருஷம் ஒரே இயர்போனில் கேட்டோம். இடது உனக்கு, வலது எனக்கு. இப்போதும் நீ இடதை மட்டும் மாட்டிக்கொண்டு வலதைத் தொங்கவிட்டுத்தான் கேட்டிருப்பாய், உன்னைத் தெரியாதா எனக்கு. சில பாட்டில் ஒரு பக்கம் வரும் குரல் மறுபக்கம் வராது. இரண்டையும் மாட்டிக் கேட்டுவிட்டு அவளைத் திட்டு.

கட்டில் பற்றிய வரியைப் படித்தேன். யோசித்துத்தான் பதில் சொல்ல முடியும். அவசரப்படுத்தாதே ஜெயா.

அம்மாவைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் முட்டி வலிக்குத் தைலம் தடவுகிறாளா என்று கேள். தடவுகிறேன் என்பாள், நம்பாதே.

அன்புடன்,
ஜாஸ்மின்


செஞ்சி,
08.02.2026

அன்புள்ள ஜாஸ்மினுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது. மடத்தில் உட்கார்ந்துகொண்டு என் காதைப் பற்றிப் பேசுகிறாளே என்று. அப்புறம் வலதையும் மாட்டினேன்.

இருக்கிறாள். நான் காலி என்று நினைத்த இடத்திலெல்லாம் அவள்தான் இருக்கிறாள். முன்னால் பாடுகிறவளுக்கு அடியில், அதே வரியைக் கொஞ்சம் கீழே பிடித்து, இழுத்துப் பாடுகிறாள். மற்றவர்கள் மூச்சு வாங்கும்போது இவள் விடுவதில்லை. இசை நின்றுபோகிற அந்தக் கோரஸ் தொங்காமல் நிற்பதே இவளால்தான். ஒரு மாதமாக அநியாயத்துக்குத் திட்டிவிட்டேன். மூன்று வருஷம் பஸ்ஸில் கேட்ட பாட்டையெல்லாம் இப்போது திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பாதிப் பாட்டு எனக்குப் புதுசாக இருக்கிறது. உனக்கும் அப்படித்தானே இருக்கும்?

இரண்டாவது பாட்டு எனக்குப் பிடிக்கவில்லை. குரலையெல்லாம் மெஷினில் போட்டு ஒரே மாதிரி இழைத்துவிட்டார்கள், யார் யார் என்றே தெரியவில்லை. ரீல்ஸுக்காகப் போட்டது. மூன்றாவது மெதுவானது, கிதார் மட்டும். கம்பியில் விரல் தேய்கிற சத்தத்தை எடுக்காமல் விட்டிருக்கிறார்கள். முடிவில் ஒரு பெண் சிரிக்கிறாள். சிரித்து முடிப்பதற்குள் வெட்டிவிடுகிறார்கள். இன்னும் ஒரு நொடி விட்டிருந்தால் இவர்களுக்கு என்ன குறைந்துபோயிருக்கும்?

உன் அம்மாவைப் பார்த்தேன். "தடவுறேம்மா, டெய்லி தடவுறேன்" என்றார். நானும் நம்பவில்லை.

உன்,
ஜெயஸ்ரீ


செஞ்சி,
19.02.2026

ஜாஸ்மின்,

இதில் பாட்டு இல்லை. நேராகவே கேட்கிறேன். இன்னா முடிவு பண்ணின?

நீ சாமியிடம் போவதை நான் குறை சொல்லவில்லை. எனக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். நீ இல்லாமல் எனக்கு இங்கே பிடிக்கவில்லை. யாரிடம் பேசினாலும் பாதியில் நிறுத்திவிடுகிறேன். நான் பாட்டாக எழுதிக்கொண்டிருந்தது எதற்கு என்று நினைக்கிறாய்? படிக்கப் படிக்க உனக்கு ஆசை வர வேண்டும், கேட்காமல் இருக்க முடியாமல் நீ வெளியே வந்துவிட வேண்டும் என்றுதான். சிஸ்டர் மன்னிக்கட்டும், மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை.

வந்துடுடி. மார்ச் முதல் வாரத்துக்குள் ஒரு வரி போடு. ஆம், இல்லை, எதுவானாலும்.

ஜெயஸ்ரீ


செஞ்சி,
22.03.2026

ஜாஸ்மின்,

பதில் இல்லை. சிஸ்டர் படித்துவிட்டு உன்னிடம் கொடுக்கவில்லையோ என்று முதலில் நினைத்தேன். அவர்கள் அப்படிப்பட்டவர்களாகத் தெரியவில்லை. அப்படியென்றால் நீதான் எழுதவில்லை. அதுவும் ஒரு பதில்தான். இனி நான் எழுத மாட்டேன்.

ஜெயஸ்ரீ


திண்டுக்கல்,
06.04.2026

என் ஜெயாவுக்கு,

கிறிஸ்து உயிர்த்தார், அல்லேலூயா. உன் இரண்டு கடிதமும் நேற்றுத்தான் என் கைக்கு வந்தன.

தவக்காலம் நாற்பது நாளும் இங்கே கடிதம் எழுதவும் மாட்டோம், வாங்கவும் மாட்டோம். வருவதையெல்லாம் ஆபீஸ் அலமாரியில் வைத்திருந்து, உயிர்ப்பு ஞாயிறு பூசை முடிந்த பிறகு கொடுப்பார்கள். உனக்கு முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும். உனக்கு இது தெரியாது என்றே எனக்குத் தோன்றவில்லை. கிறிஸ்துமஸுக்கும் மாதா தேருக்கும் எங்கள் வீட்டிலேயே கிடப்பாய், நீ வேற வீட்டுப் பெண் என்பது எனக்கு மறந்தே போய்விட்டது. நீ இத்தனை நாள் எப்படித் தவித்திருப்பாய் என்று நினைத்து நேற்று என்னால் சாப்பிட முடியவில்லை.

உன் கடிதம் அலமாரியில் இருந்தபோதுதான் நான் வார்த்தைப்பாடு கேட்டு எங்கள் தலைவிக்கு என் கையால் எழுதிக் கொடுத்தேன், மார்ச் 19, சூசையப்பர் திருநாள் அன்று. முன்பே உன் கடிதத்தைப் படித்திருந்தால் அழுதிருப்பேன். ஆனாலும் எழுதித்தான் கொடுத்திருப்பேன். இது உனக்கு வலிக்கும் என்று தெரியும், பொய் சொல்ல முடியவில்லை.

நீ நினைத்தது நடந்தது ஜெயா. உன் கடிதம் வரும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாட்டைக் கேட்க வேண்டும் போல இருந்தது. இரண்டு மூன்று நாள் அதே நினைப்பாக இருக்கும். ஆனால் கேட்காமலும் இருக்க முடிந்தது, அதில் வருத்தம் இல்லை. இங்கே இருந்துவிடலாம் என்று எனக்கே நிச்சயமாகத் தெரிந்தது அப்படித்தான். நீ கூப்பிடாமல் இருந்திருந்தால் இன்னும் சந்தேகத்திலேயே இருந்திருப்பேன்.

நேற்று வீட்டுக்குப் போன் பேச விட்டார்கள். சென்னைக் கம்பெனி உன்னைப் பிப்ரவரியிலேயே கூப்பிட்டதாகவும், நீ தள்ளிப்போட்டுக்கொண்டே வருவதாகவும் அம்மா சொன்னாள். "அந்தப் பொண்ணு உனக்காகத்தான் காத்துக்கினு இருக்குது" என்றாள். உன் கடிதத்தில் அந்தக் கடைசிப் பெண் எங்கே மூச்சு விடாமல் பாடுகிறாள் என்பது கூட இருக்கிறது. உன்னைப் பற்றி இது ஒன்றையும் காணோம். ஏன் ஜெயா? எனக்காகக் காத்திருக்காதே. வேலைக்குப் போ.

மே 30 சனிக்கிழமை காலை பூசையில் வார்த்தைப்பாடு. அதற்குப் பிறகு என்னை ஜார்க்கண்டுக்கு அனுப்புவார்களாம். வர மனசு இருந்தால் வா. இல்லாவிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

உன்,
ஜாஸ்மின்


அம்பத்தூர்,
03.05.2026

அன்புள்ள ஜாஸ்மினுக்கு,

இனி எழுத மாட்டேன் என்று சொன்னவள் எழுதுகிறேன். முதலில் என்னைப் பற்றி, நீ கேட்டதால்.

போன திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தேன். இன்சூரன்ஸ் கிளெய்ம் பேப்பர் பார்க்கிற வேலை. சாப்பாடு பரவாயில்லை. இரண்டாவது கட்டிலுக்கு ஆரணியிலிருந்து சாமுண்டீஸ்வரி என்று ஒரு பெண் வந்திருக்கிறாள். குறட்டை விடுகிறாள், மற்றபடி நல்லவள். உன் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. நைனா பயந்துபோய், "இன்னாம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நீ பொய் சொல்லியிருந்தால் இதைவிடக் கோபம் வந்திருக்கும், அதுவும் தெரிகிறது.

மே 30க்கு வருகிறேன். உன் அம்மா அப்பாவோடு வேனில் இடம் சொல்லிவிட்டேன். நான் சேலை கட்டித்தான் வர வேண்டும் என்று உன் அம்மா உத்தரவு போட்டிருக்கிறார். பூசையில் எப்போது எழுந்து நிற்க வேண்டும், எப்போது முட்டி போட வேண்டும் என்று அவரைப் பார்த்துச் செய்துகொள்கிறேன். வெரோனிகா சிஸ்டரையும் பார்க்க வேண்டும். இத்தனை நாள் என் கடிதத்தைப் படித்தவர்கள் இல்லையா?

இன்னொன்று. அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டைப் பற்றி உனக்கு நான் எழுதவே இல்லை. நானும் கேட்கவில்லை. நீ வந்தால் சேர்ந்து கேட்கலாம் என்று இத்தனை மாதமும் தொடாமல் வைத்திருந்தேன். வேலையில் சேரக் கிளம்பின அன்று செஞ்சியில் பஸ் ஏறினதும் அதைப் போட்டேன். திண்டிவனம் வரைக்கும் அதுவேதான் ஓடியது.

நல்ல பாட்டு ஜாஸ்மின். அது எப்படி இருந்தது என்று மட்டும் எழுத மாட்டேன்.

உன்,
ஜெயஸ்ரீ