நான் வேலைக்கு வராத பதினொரு நாட்கள்

அனுப்புநர்:
க. விவேகானந்தன்,
கடைசல் யந்திரத் தொழிலாளர் (முதலாந் தரம்), டோக்கன் இல. 47,
19/3, ஹந்தானை வீதி, கண்டி.

பெறுநர்:
பொது முகாமையாளர் அவர்கள்,
மலைநாட்டு நீரேற்று யந்திரக் கூட்டுத்தாபனம்,
தலைமைக் காரியாலயம், கொழும்பு.

பொருள்: அவுஸ்திரேலிய விசாவுக்காக நான் கேட்ட சேவைக் கடிதமும், அதற்கு ஈடாக டோக்கன் இல. 48, கே. ஜீ. பியதாசவுக்கு எதிராக என்னிடம் கேட்கப்படும் கையொப்பமும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் கூட்டுத்தாபனத்தின் கண்டிப் பணிமனையில் பதினான்கு ஆண்டுகளாக லேத் மெஷினில் வேலை செய்து வருகிறேன். சிங்களம் பேசுவேன், எழுத வராது. தமிழும் அரசகரும மொழி என்று ஆகிவிட்டதாகச் சொல்கிறார்கள். அந்த நம்பிக்கையில் இதைத் தமிழில் எழுதுகிறேன். தங்கள் காரியாலயத்தில் இதை வாசித்துச் சொல்ல ஒருவர் இருப்பார் என நினைக்கிறேன்.

2. சென்ற வருடம் அவுஸ்திரேலியாவுக்குத் தொழில் தேர்ச்சி பெற்றவர் என்ற பிரிவில் விசாவுக்கு விண்ணப்பித்தேன். கிடைத்தால் மனைவி பத்மாதேவியும் பன்னிரண்டு வயது மகளும் என்னோடு போய் அங்கேயே நிரந்தரமாகக் குடியிருக்கலாம். ஆசைக்குப் போகவில்லை, ஐயா. எண்பத்து மூன்று கலவரத்தில் எங்கள் ஒழுங்கையில் கண்ணாடித் துண்டுகள் மேல் வெறுங்காலோடு ஓடினோம். பத்மாதேவியின் பாதங்களிலிருந்து ஏழு துண்டுகள் எடுக்கப்பட்டன. அன்றிலிருந்து அவர் படுக்கையிலும் செருப்பைக் கழற்றுவதில்லை. துணையில்லாமல் டவுனுக்குப் போவதுமில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத் தூங்கக்கூடிய ஓர் இடத்துக்கு அவரைக் கொண்டுபோக வேண்டும் என்பதே என் விண்ணப்பத்தின் முழுக் காரணம். அந்தப் படிவத்தில் இதை எழுத இடமிருக்கவில்லை.

3. அவுஸ்திரேலிய உயர்ஸ்தானிகர் காரியாலயம் கேட்ட எல்லாவற்றையும் கொடுத்தேன். என் தொழிற்பயிற்சிச் சான்றிதழ் வீட்டோடு எரிந்துபோனபடியால் பயிற்சி நிலையத்திலிருந்து எடுத்த அதன் பிரதியையும், அது எரிந்த விபரத்துக்கு அகதி முகாம் அட்டையையும் இணைத்தேன். 1983 யூலை 26 முதல் ஆகஸ்ட் 6 வரை நானும் குடும்பமும் முகாமில் இருந்தோம் என்று அந்த அட்டையில் உள்ளது. கூட்டுத்தாபனம் அனுப்பிய சேவைக் கடிதத்திலோ, ஞாயிறு தவிர்ந்த அதே பதினொரு நாட்களும் நான் வேலைக்கு வந்ததாக உள்ளது. ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டிடத்தில் இருக்க முடியாது, இதில் எது பொய் என்று இம்மாதம் 31ஆம் திகதிக்கு முன் தெரிவிக்கும்படி எழுதியிருக்கிறார்கள். அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி.

4. பொய் சேவைக் கடிதத்தில்தான் இருக்கிறது. யூலை 26 செவ்வாய்க்கிழமை கட்டுகஸ்தோட்டையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்குத் தீ வைத்தார்கள். பின்பக்கத்து வாழைகளுக்குள் ஒளிந்திருந்து, பிறகு பொலிஸ் லொறியில் ஏறி, ஒரு பாடசாலையில் போய் இறங்கினோம். அங்கே பன்னிரண்டு நாள் சீமெந்துத் தரையில் கிடந்தோம். என் கையில் இருந்தது மகள் மட்டும்தான்.

5. எங்கள் பணிமனையில் கையெழுத்துப் புத்தகம் கிடையாது. வாசலில் இரண்டு பலகைகள் உண்டு. ஒவ்வொருவருக்கும் இலக்கம் வெட்டிய பித்தளை டோக்கன் ஒன்று. காலையில் வந்ததும் அதை 'வெளியே' பலகையிலிருந்து எடுத்து 'உள்ளே' பலகையில் மாட்ட வேண்டும். எட்டு மணிக்கு நேரக்காப்பாளர் வந்து பலகையைப் பார்த்து எழுதிக்கொள்வார், முகத்தைப் பார்ப்பதில்லை. பஸ் பிந்தினால் பக்கத்து லேத்காரர் டோக்கனை மாட்டிவிடுவது பணிமனை தொடங்கிய நாளிலிருந்து உள்ள பழக்கம். நானும் பலருக்கு மாட்டியிருக்கிறேன். எல்லாம் ஐந்து நிமிடம், பத்து நிமிடம்.

6. கலவரத்தின்போது, குடிநீர்ப் பம்பி திருத்துவது அத்தியாவசிய சேவை என்று ஊரடங்கிலும் வேன் அனுப்பி ஆட்களை ஏற்றி வந்து பணிமனையை நடத்தினார்கள். எட்டு வேலைநாள் தொடர்ந்து வராதவர் தானாகவே பதவியை விட்டவராகக் கருதப்படுவார் என்பது கூட்டுத்தாபனத்தின் விதி. முகாமில் கிடப்பவருக்கும் அதே விதிதான். வார்ப்படப் பகுதியில் வேலை செய்த செல்லச்சாமி அதே முகாமில் எங்களுக்கு இரண்டு பாய் தள்ளிப் படுத்திருந்தவர். திரும்பி வந்த அன்று வாசலிலேயே நிறுத்தி, அவர் பதவியை விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். மூன்று மனுப் போட்டும் பதில் இல்லை. இப்போது ஹந்தானைத் தோட்டத்தில் தொழிலாளர் லயத்தில் இருக்கிறார்.

7. ஆகஸ்ட் 8ஆம் திகதி நான் போனபோது என் டோக்கன் 'உள்ளே' பலகையில் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து லேத்காரரான பியதாச பதினொரு நாளும் அதை மாட்டியிருக்கிறார். மாட்டியதோடு நிற்கவில்லை. டோக்கன் தொங்குபவர் கணக்கில் வேலை இல்லாவிட்டால் பிடிபடும் என்று தன் லேத்தையும் என் லேத்தையும் மாறி மாறி ஓட்டி, என் வேலை அட்டையையும் நிரப்பியிருக்கிறார். தட்டு நிறையப் பம்பித் தண்டுக்கு மாட்டும் புஷ் வளையங்கள் இருந்தன, எல்லாவற்றிலும் 47 என்று என் இலக்கம் அடித்திருந்தது. ஒன்றிலும் என் கை பட்டிருக்கவில்லை. எடுத்து அளந்து பார்த்தேன், ஒன்றுகூடப் பிசகில்லை. நான் உயிரோடு இருக்கிறேனா என்பதே அந்த மனிதருக்கு அப்போது தெரியாது. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்க வாயெடுத்தேன். தனக்குத் தெரிந்த தமிழில், "மச்சான், வந்தாச்சுதானே? இனி ஒன்ட டோக்கன நீயே போடு" என்று சொல்லிவிட்டு லேத்தை ஓடவிட்டார். அந்நாட்களின் சம்பளத்தை நான் வாங்கினேன், வாய் திறக்கவில்லை. அது என் குற்றம்.

8. இம்மாதம் 2ஆம் திகதி ஆளணி உத்தியோகத்தர் ஒரு வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து என்னிடம் தந்தார். "எனக்குத் தெரியாமல் 48ஆம் இலக்கத் தொழிலாளி பியதாச மோசடியாக என் டோக்கனை மாட்டி, பொய் வேலை அட்டை தயாரித்தார்" என்று அதில் உள்ளது. அதில் நான் கையெழுத்து வைத்தால் திருத்திய சேவைக் கடிதம் மறுநாளே கிடைக்குமாம். வைக்காவிட்டால் பழைய கடிதமே சரியென்று உயர்ஸ்தானிகர் காரியாலயத்துக்கு எழுதுவார்களாம். அப்படி எழுதினால் முகாம் அட்டை பொய்யாகும், விசாவும் போகும். 21ஆம் திகதி வரை தவணை தந்திருக்கிறார்கள்.

9. ஆளணிப் பகுதி எழுதுவினைஞர் மக்கீன் அவர்கள் அக்குறணையைச் சேர்ந்தவர், எனக்கு நன்மை நினைப்பவர். அவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "மவுத்தான மனிசனுக்கு இனி என்ன வாரது? கையெழுத்த வெச்சுட்டு ஒங்கட புள்ளைட வாழ்க்கயப் பாருங்கொ" என்றார். பியதாச இறந்துவிட்டார் என்று இதுவரை எவரும் எழுதித் தரவில்லை. சென்ற நவம்பரில் குண்டசாலையில் அவர் வீட்டுக்கு இலக்கத் தகடில்லாத வேனில் வந்தவர்கள் ஒரு விசாரணை என்று சொல்லி ஏற்றிப் போனார்கள். அதற்குப் பிறகு ஆளைக் காணவில்லை. எட்டு வேலைநாள் கழிந்ததும் அவரும் தானாகவே பதவியை விட்டவர் என்று கூட்டுத்தாபனம் பதிந்தது. அதனால் அவர் மனைவி சுமணாவதிக்கு ஒன்றும் உரித்தில்லை என்றார்கள். அந்த அம்மா மூன்று பிள்ளைகளோடு மேன்முறையீடு செய்திருக்கிறார். என் கையெழுத்தோடு பியதாச மோசடிக்காரர் என்று கோப்பில் ஏறினால் அந்த மேன்முறையீட்டை மூடிவிடலாம். ஏழு வருடத்துக்கு முந்திய டோக்கன் விடயத்தில் திடீரென இவ்வளவு அக்கறை ஏன் என்று நானும் யோசித்தேன். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

10. அவர் பதவியை விட்டுப் போகவில்லை என்பதற்கு நான் சாட்சி. அவர் லேத்தில் பாதி கடைந்த ஒரு தண்டு அப்படியே பூட்டியபடி இருந்தது. சொந்தப் பணத்தில் வாங்கிய மைக்ரோமீட்டர் எண்ணெய்த் துணியில் சுற்றி மேசை லாச்சிக்குள் இருந்தது. வேலையை விட்டுப் போகிற எந்தக் கடைசல்காரனும் அதை விட்டுவிட்டுப் போகமாட்டான். தாங்கள் நேரில் வந்தால் காட்டுவேன், இன்னும் அங்கேதான் இருக்கிறது.

11. இதை எழுதுவதா விடுவதா என்று நான்கு நாள் தாமதித்தேன். அந்த நவம்பர் மாதம் ஒவ்வொரு நாள் காலையிலும் என் டோக்கனை மாட்டப் போனபோது 48 'வெளியே' பலகையில் தொங்குவதைப் பார்த்தேன். கைக்கெட்டும் தூரம். எட்டு நாள் விதியும் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் யார் பார்க்கிறார்களோ, அவருக்கு மாட்டினால் என் வீட்டுக்கும் வேன் வருமோ என்று பயந்தேன். என் டோக்கனை மட்டும் மாட்டிவிட்டு உள்ளே போனேன். ஒன்பதாம் நாள் காலை பலகையில் 48 இல்லை, கழற்றி எடுத்துவிட்டார்கள். எனக்கு அவர் பதினொரு நாள் மாட்டினார். அவருக்கு நான் ஒரு நாள்கூட மாட்டவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஐயா.

12. ஆகவே தங்களிடம் நான் பணிந்து கேட்பது:

(அ) 26.07.1983 முதல் 06.08.1983 வரை நான் வேலைக்கு வரவில்லை என்பதை, எவர் பெயரையும் குறிக்காமல், அப்படியே எழுதித் தர வேண்டும். அதைச் சம்பளமற்ற லீவாகக் கொள்ளலாம். வாங்கிய சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளலாம். டோக்கன் விடயத்தில் தண்டனை என்று ஒன்று இருந்தால் உயிரோடு கையில் கிடைப்பவன் நான்தான், எனக்கே தாருங்கள்.

(ஆ) பியதாச பதவியை விட்டவர் என்ற பதிவை நீக்கி, சுமணாவதி அம்மாவுக்கு உரியதை வழங்க வேண்டும்.

இரண்டில் ஒன்றுதான் முடியுமென்றால் (ஆ)வைச் செய்யுங்கள். 31ஆம் திகதி வரும், போகும். நான் வழக்கம்போல் எட்டு மணிக்கு முன் வந்து என் டோக்கனை நானே மாட்டுவேன்.

13. இம்மனுவைப் பத்மாதேவிக்கு வாசித்துக் காட்டினேன். "சைன் வையுங்கோ எண்டும் சொல்லமாட்டன், வையாதேங்கோ எண்டும் சொல்லமாட்டன்" என்று முன்பு சொன்னவர். முழுவதையும் கேட்டபின், பதிவுத் தபாலில் போடத் தானே தனியாக டவுனுக்குப் போய் வருவதாகச் சொல்லி, கடிதவுறையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, இந்தக் கடைசிப் பந்தியை நான் எழுதி முடிக்கக் காத்திருக்கிறார்.

தங்கள் பதிலைத் தமிழிலோ சிங்களத்திலோ எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்) க. விவேகானந்தன்
டோக்கன் இல. 47

கண்டி,
14.05.1990.

இணைப்புகள்:
1. அகதி முகாம் அட்டையின் பிரதி.
2. ஆளணி உத்தியோகத்தர் தந்த வாக்குமூலம், கையொப்பமின்றித் திருப்பி அனுப்பப்படுகிறது.