அழைக்காத புதன்கிழமை

வாஷிங்டன், பிப்ரவரி 1811

அன்புள்ள கெசியா,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். இருமல்கூட விட்டுவிட்டது.

அதிபர் மாடிசனின் மனைவி டாலி அம்மையார் புதன்தோறும் விருந்து வைக்கிறார். காங்கிரஸ் சபை உறுப்பினனான என்னை ஆறு வாரமாக அழைக்கவில்லை என்று எழுதியிருந்தேன் அல்லவா? நேற்றுக் காலை விடுதியில் அதைச் சொன்னதும், பக்கத்து அறை லெமுவேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"யோவ் பெரியவரே, அந்த வீட்டுக்கு யாருக்குமே அழைப்பு கிடையாதுய்யா! கதவு தொறந்தே கெடக்கும். இதுக்கா ஆறு வாரமா மொறச்சுக்கிட்டு உக்காந்திருந்தீரு?"

அழைப்பதுதான் மரியாதை என்று இன்றும் சொல்வேன். ஆனாலும் நம் ஊருக்குக் கேட்டிருக்கும் தபால் சாலைக்காக நேற்று மாலையே போனேன். கூட்டத்தில் அம்மையாரைப் பார்க்கவே முடியவில்லை. சபையில் ஒருவரையொருவர் கடித்துக் குதறும் இரு கட்சிக்காரர்களும் அங்கே ஒரே தட்டிலிருந்து கேக் எடுக்கிறார்கள்! ஒரு மாதமாக என் சாலை மனுவைத் தொடாத சபைக் குழுத் தலைவரும் பக்கத்தில் நின்றார்.

"உங்க காட்டுக்கு ரோடு எதுக்குய்யா? கரடி நடக்கவா?" என்றார்.

"கரடிக்கு வழி இருக்கு. மருத்துவச்சிக்குத்தான் இல்ல" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. திங்களன்று வாக்கெடுப்புக்கு வைப்பதாகக் கை கொடுத்தார்.

கம்பளிக் காலுறையும் நீ உலர்த்திய ஆப்பிளும் அனுப்பு. இங்கே விற்பதில் ருசியில்லை. தபால் வண்டி கிளம்பப் போகிறது. சாலை வந்ததும் முதல் வண்டியில் நீ ஏறி வந்துவிடு. அந்த விருந்துக்கு எல்லாரும் மனைவியோடு வந்திருந்தார்கள்.

உன்
ஜேபஸ்